துருவுமணையில் பறந்த விமானம்

இந்தச் சங்கதியை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், கடைக்கு ஆள் வரும், மூடி வைத்துவிடுவேன். ஆள் வராத நாளிலும் மூடித்தான் வைத்திருக்கிறேன். நான் படித்தது பத்தாவது. சிங்கப்பெருமாள் கோயிலில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். எழுதினால், பெருமாளைக் கேலி பண்ணுகிறான் என்று சிலர் சொல்வார்கள். மாமாவைக் கேலி பண்ணுகிறான் என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டு பேரையும் கேலி பண்ணுகிற துணிச்சல் எனக்குக் கிடையாது. ஒருத்தர் எனக்குப் படியளக்கிறவர், இன்னொருத்தர் என் அக்காவைக் கட்டினவர். ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் காட்சிதான் வந்து நிற்கிறது. புதுப்பட்டினத்து வீட்டுக் கூடத்தில் மாமா தரையில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தேங்காய் துருவுகிற பலகையின் மேல் உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் வியர்வை. அவர் ஓட்டுவது விமானம்.

மாமா கடற்கரை டவுன்ஷிப்பில் ஒர்க்‌ஷாப் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பயம் என்றால் என்னவென்று தெரியாத மனுஷன் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். புயல் அடித்து ஓய்ந்த மறுநாளே கடலில் இறங்கிக் குளிப்பார். கிணற்றடியில் பாம்பு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட மாட்டார்கள், மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு விமானம் என்றால் மட்டும் பயம். "காலுக்குக் கீழ எதுனா ஒண்ணு இருக்கணும் மச்சான். தண்ணி இருந்தாக்கூடப் போதும், நீந்திப்பேன். வெறும் காத்த நம்பி எப்பிடி உக்கார்றது?" என்பார். டெல்லியில் ஒரு டிரெய்னிங்குக்கு ஆபீசில் விமான டிக்கெட் கொடுத்தபோதும் ரயிலில் போய், டிரெய்னிங் பாதி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தவர்.

இந்தப் பயம் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை, அவர் மகள் மெல்போர்னில் உண்டாகும் வரைக்கும். தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வரவேண்டிய பெண், டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டதால் அங்கேயே இருக்க வேண்டியதாகிவிட்டது. அப்படியென்றால் தாய் வீடுதான் அங்கே போயாக வேண்டும். அக்கா பெட்டியில் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சாமானெல்லாம் கட்டி வைத்துவிட்டாள். ஆனால் தனியாகப் போகமாட்டாள். "பாஷ தெரியாத ஊரு. ஏர்போர்ட்டுல என்னைக் கேள்வி கேட்டா நான் யார் மூஞ்சியப் பாக்கிறது? வந்தா ரெண்டு பேரும். இல்லன்னா ஒருத்தரும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். மாமா என்னைப் பார்த்தார். என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை. அங்கே பெண், "யாராவது ஒருத்தர் வந்தாப் போதும்மா" என்று போனில் அழுதது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஆகவே விஷயம் இதுதான்: மாமா விமானம் ஏறாவிட்டால், அந்தப் பெண் தாய் முகம் பார்க்காமல் பிள்ளை பெறுவாள்.

மாமா தன் வழியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஒர்க்‌ஷாப்பில் புது மிஷின் வந்தால் எல்லோரும் ஒதுங்கி நிற்பார்களாம், இவர் போய்க் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டால் பயம் போய்விடுமாம். "கையில புடிச்சி ஓட்டிட்டா அது நம்ம மிஷின் மச்சான்" என்றார். மருமகப் பிள்ளை அங்கிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டரை ஏற்றிக் கொடுத்தார். அதை ஓட்ட ஒரு ஜாய்ஸ்டிக் வேண்டும். பொத்தேரியில் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு மாணவன் பழையது ஒன்றை விற்கிறான் என்று தெரிந்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கறுப்பாக, கனமாக இருந்தது. அடியில் ஒரு பெரிய பெட்டி, அதன்மேல் கைப்பிடி. "அங்கிள், இது சும்மா ஆட்ற குச்சி இல்ல. உள்ள மோட்டார் இருக்கு. காத்து அடிச்சா உங்க கையில தெரியும். நீங்க திருப்பினா அது எதிர்த்துத் தள்ளும். ஃபோர்ஸ் ஃபீட்பேக்" என்றான்.

"எவ்ளோ தள்ளும்?"

"டேபிளோட தள்ளும் அங்கிள்."

"அப்ப இன்னாத்துக்கு விக்கிற?"

"கீழ் ரூம்ல இருக்கிறவங்க வார்டன்கிட்டப் போட்டுக் கொடுத்துட்டாங்க அங்கிள். நைட்டுல பூகம்பம் வருதாம்."

மாமாவுக்கு அதுதான் பிடித்துப் போயிற்று. தள்ளாத மிஷின் என்ன மிஷின் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தப் பையன் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. முதலில் கம்ப்யூட்டர் மேஜையில் வைத்தார். அது மரத்தூள் பலகை மேஜை. விமானம் ஓடுபாதையில் ஓட ஆரம்பித்ததும் குச்சி உதறியது, மேஜை உதறியது, மானிட்டர் தலையாட்டியது. ஜாய்ஸ்டிக் மெல்ல மெல்ல நகர்ந்து மாமாவின் மடிக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்து சாப்பாட்டு மேஜை. கண்ணாடி மேஜையில் நன்றாக ஒட்டும் என்று அடியில் ரப்பர் உறிஞ்சிகளை ஒட்டினார். ஏதோ ஒரு மேகத்துக்குள் நுழைந்தபோது அது பிய்த்துக்கொண்டு கிளம்ப, மாங்காய் ஊறுகாய் ஜாடி தரையில் விழுந்தது. அக்கா கூட்டி அள்ளினாள். பிறகு அயர்ன் பண்ணுகிற மேஜையில் கயிறு போட்டுக் கட்டினார். மேஜையே மடங்கிக்கொண்டது.

நாலைந்து நாள் மாமா சோறு தண்ணியில் மனசு இல்லாமல் திரிந்தார். ஒரு காலையில் நான் போயிருந்தபோது அக்கா சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நீளப் பலகை, நுனியில் துருவுகிற இரும்பு, பலகையின் மேல் அக்கா. மாமா காபி டம்ளரோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என்ன அழுத்து அழுத்தினாலும் பலகை ஒரு நூல் அசையவில்லை. மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், கோயிலில் திரை விலகும்போதுதான் நான் அப்படி முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

"மச்சான், உக்கார்ற ஆளோட எடதான் அதுக்குக் கிளாம்ப்பு! எத்த எங்க கட்டுறதுன்னு அலைஞ்சிகினு இருந்தேனே, கட்டவே வேணாம், மேல உக்காந்தாப் போதும்!"

மாமாவின் எடையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த யோசனைக்கு ஏற்ற உடம்பு என்று மட்டும் சொல்கிறேன். அன்று மத்தியானமே துருவுகிற இரும்பைக் கழற்றினார். ஜாய்ஸ்டிக்கின் அடிப்பெட்டியில் ஓட்டை போட்டு, நடுவில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து, நட்டு போல்ட்டு வாஷர் போட்டு முடுக்கினார். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸ் வேறு. மானிட்டர் முக்காலிக்கு இறங்கியது. பலகையில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார். அது உதறியது. பலகை அசையவில்லை. மாமாதான் லேசாக அசைந்தார்.

அக்கா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க ரிட்டயர் ஆனா பேப்பர் படிக்கிறாங்க. என் வூட்டுல துருவுமணைய எடுத்து ஏரோப்பிளேன் பண்ணிகினு கீறாரு. நாளைக்குச் சட்னிக்குத் தேங்காய நான் இன்னா பல்லால துருவுறதா?"

மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா, தேங்காயா துருவுற?" என்று கேட்டாள்.

"பிளேன் ஓட்றம்மா. உன்னப் பாக்கத்தான் வந்துகினு இருக்கேன்" என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் வினை வந்தது. மீனம்பாக்கத்தில் ஏறுவார், கடலோரமாக மகாபலிபுரம் வருவார். "கோயிலைக் காணோம் மச்சான், வெறும் பச்சத் தரையா போட்டு வெச்சிருக்கான்" என்று வருத்தப்பட்டுக்கொண்டே செங்கல்பட்டுப் பக்கம் திருப்புவார். அந்த நேரத்துக்கு அக்கா மோர் கொண்டுவருவாள். என்ன கோபம் இருந்தாலும் வேளைக்கு மோர் தவறாது. மாமா குச்சியிலிருந்து கையை எடுத்து டம்ளரை வாங்குவார். எடுத்த உடனே அதுவரை முரடாக எதிர்த்துக்கொண்டிருந்த குச்சி செத்த கோழியின் கழுத்து மாதிரி தொங்கி இடது பக்கம் சாயும். விமானமும் சாயும். டம்ளரை வைத்துவிட்டுப் பிடிப்பதற்குள் கொளவாய் ஏரி நேராக முகத்துக்கு வந்துவிடும்.

தினமும் இதே கதைதான். எதிர்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வாசலில் நின்று, "இன்னிக்கு எங்க சார் லேண்டிங்?" என்று கேட்பார். "ஏரியிலதான்." "நேத்து?" "பாலாறு." "அங்க தண்ணி இல்லயே சார், அடிபட்டிருக்குமே!" மாமா சிரிக்க மாட்டார். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. அவர் ஒவ்வொரு தடவை விழுந்தபோதும் உள்ளே ஆட்கள் இருப்பதாக நினைத்துத்தான் விழுந்தார்.

ஒரு நாள் பலகையிலிருந்து எழுந்தவர், ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "இதுவரைக்கும் தெரியாம பயந்துகினு இருந்தேன் மச்சான். இப்பத் தெரிஞ்சி பயப்படறேன். ஒரு வாய் மோரு குடிக்கிற நேரம், அவ்ளோதான், எல்லாரும் ஏரியில. அந்தப் பைலட்டும் மனுசன்தானே? அவனுக்கு மூக்கு அரிக்காதா? தும்மல் வராதா? அவன் கையி குச்சில இருக்கிற வரைக்கும்தான் நம்ம உசுரு. நான் வரல. உங்கக்காகிட்ட நீயே சொல்லிடு."

நான் சொன்னேன். அக்கா திட்டவில்லை. பெட்டியைத் திறந்து, கட்டி வைத்திருந்த சுக்கு, திப்பிலிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் கடையைக்கூடத் திறக்காமல் நேராகக் கோயிலுக்குப் போய் நின்றேன். எங்கள் ஊர் நரசிம்மருக்கு நெற்றியில் ஒரு கண் உண்டு. எப்போதும் நாமத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். பட்டர் நாமத்தை லேசாகத் தூக்கித் தீபம் காட்டினால்தான் தெரியும். "அந்தக் கண்ணால எங்க மாமாவைக் கொஞ்சம் பாருங்க சாமி" என்று மட்டும்தான் கேட்டேன். வேறு எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. எந்தக் கவலை இருந்தாலும் ஆயுத பூஜை நிற்காது. கடையிலிருந்து பொரி, கடலை, சந்தனம் எல்லாம் நான்தான் கொண்டுபோனேன். மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர், மாமாவின் ஸ்பானர் செட், அரிவாள்மணை என்று எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, அக்கா பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். துருவுமணை வந்தது. வருஷா வருஷம் பொட்டு வாங்குகிற மணை, அதன் தலையில் இப்போது வேறொன்று நிற்கிறது. அக்கா ஒரு நிமிஷம் அதை முறைத்துப் பார்த்தாள். பிறகு, "நீயும் இந்த வூட்டுக்கு வந்துட்ட, உன்ன இன்னா பண்றது" என்று சொல்லி, கைப்பிடியில் நல்ல தடிமனாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். கைப்பிடியில் விரல் படுகிற பக்கத்தில் கண்ணாடி போல ஒரு சின்ன வட்டம் உண்டு. பொட்டு வைக்கவே இடம் விட்டு வைத்த மாதிரி இருக்கும். அதன்மேல்தான் வைத்தாள்.

மறுநாள் காலையில் மறுபூஜை. பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. மிக்ஸி ஒரு சுற்றுச் சுற்றியது. ஸ்கூட்டர் தெருமுனை வரை போய் வந்தது. அக்கா துருவுமணையைக் காட்டி, "அதையும்" என்றாள். மாமா முகத்தைச் சுளித்தார். "அதான் வுட்டாச்சே." "நீங்க வுட்டா? பூஜையில வெச்சது. ஓட்டுங்க" என்றாள். மாமா ஒயரைச் செருகி, பலகையில் ஏறி உட்கார்ந்தார். பொட்டு கலையக்கூடாது என்று அக்கா சொன்னதால் கைப்பிடியைத் தலைப்பக்கமாக இரண்டு விரலால் பிடித்து விமானத்தை மேலே ஏற்றினார். கடலுக்கு மேலே வந்ததும், மருமகப் பிள்ளை சொல்லிக்கொடுத்தபடி விமானத்தைச் சமமாக நிறுத்தினார். நான் பொரித் தட்டை நீட்டினேன். விழுந்தால் விழட்டும், முறைக்கு ஓட்டியாயிற்று என்ற அலட்சியத்தில் இரண்டு கையையும் எடுத்துத் தட்டை வாங்கினார்.

குச்சி சாயவில்லை.

நேராக நின்றது. நின்றது மட்டுமில்லை, யாரோ பிடித்திருப்பது போல லேசாக நடுங்கிக்கொண்டு, காற்றுக்குத் தகுந்தாற்போலத் துளித்துளியாக அசைந்துகொண்டிருந்தது. விமானம் மகாபலிபுரத்தைத் தாண்டிக் கடல் மேல் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. மாமாவின் வாயில் போட்ட பொரி வாயிலேயே இருந்தது. நடுங்குகிற கைப்பிடி, அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு. அக்கா, "நரசிம்மா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் யோசிக்கவே இல்லை. சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டேன். விழுந்த இடத்தில் பொரித் தட்டு இருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் அதைத் தொடவில்லை. மாமா எவ்வளவானாலும் ஒர்க்‌ஷாப்காரர். குனிந்து பார்த்தார், சுற்றிப் பார்த்தார், மணந்து பார்த்தார். பிறகு மெதுவாக விரல் நகத்தால் பொட்டின் ஓரத்தைத் தூக்கினார். அக்கா அலறினாள். குச்சி தொப்பென்று சாய்ந்தது. பொட்டை மறுபடி அழுத்தினார். குச்சி எழுந்து நின்றது. தூக்கினார், சாய்ந்தது. வைத்தார், நின்றது.

"கண்ணு மச்சான்!" என்று கத்தினார். "இதுக்கு ஒரு கண்ணு கீது! கையி வந்து மூடினா ஆளு புடிச்சிருக்கான்னு மோட்டாரு வேலை செய்யும். கைய எடுத்தா வெளிச்சம் பட்டு மோட்டாரு ஆஃப் ஆயிடும். உங்கக்கா பொட்ட வெச்சி கண்ண மூடிட்டா. நம்ம பெருமாளுக்கு நாமத்தைத் தூக்கினாத்தான் கண்ணு தெரியும், இதுக்குப் பொட்டைத் தூக்கினாத்தான் தெரியுது!" அப்புறம் திரையைப் பார்த்தபடி கொஞ்சம் அடங்கிச் சொன்னார். "அப்ப இத்தினி நாளும் வுழுந்தது பிளேனு இல்ல. இந்தக் குச்சிதான் தூங்கிப் போச்சி. சமமா வெச்சிட்டா பிளேனு பாட்டுக்குப் போவுது. ஒருத்தன் மோரு குடிக்கலாம். தும்மலாம்."

அக்கா விடவில்லை. "பொட்டு வெச்சது யாரு?"

"நீதான்."

"எந்த நாள்ல வெச்சேன்?"

"ஆயுத பூஜையில."

"அத்தனை எடம் இருக்க, அந்த எடத்துல என்னை வெக்க வெச்சது யாரு?"

மாமா சந்தன விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "மோட்டாரு வரைக்கும் நான் பதில் சொல்றேன். அதுக்கு மேல நம்ம டிபார்ட்மென்ட் இல்ல" என்றார். அதைவிட நல்ல பதிலை நான் இதுவரை எந்த உபன்யாசத்திலும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் சுக்கும் திப்பிலியும் திரும்பப் பெட்டிக்குள் போயின.

விமான நிலையத்துக்கு நானும் காரில் கூடப் போனேன். மாமா வழியெல்லாம் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். தாம்பரம் தாண்டும்போது அக்காவுக்கு விளக்கினார். "மேல ஏறிட்டா பைலட்டு குச்சியத் தொடறதே கம்மி. மிஷினே பாத்துக்கும். அவரு பாட்டுக்குக் காபி குடிச்சிகினு இருப்பாரு."

அக்காவின் முகம் வெளுத்ததை நான் முன் சீட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். "இன்னாது? யாருமே புடிக்க மாட்டாங்களா?"

இத்தனை நாளும் மாமாவின் பயத்தைச் சுமந்துகொண்டிருந்ததில் தனக்கென்று பயப்பட அவளுக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை. இப்போது மொத்தமாகக் கிடைத்தது. பெட்டி தள்ளுகிற இடத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் வேணா அடுத்த மாசம் கப்பல்ல வரேன்னு சொல்லிடு" என்றாள். மாமா அவள் தோளில் கை போட்டு, ஆட்டுக்குட்டியைப் பட்டிக்குள் விடுவது மாதிரி உள்ளே கூட்டிப்போய்விட்டார்.

இறங்கியதும் மாமா போன் பண்ணினார். "நான் நல்லாத் தூங்கிட்டேன் மச்சான். குறட்டை விட்டேன்னு பக்கத்து சீட்டுக்காரன் சொன்னான். உங்கக்காதான் ஏறினதுல இருந்து இறங்கற வரைக்கும் என் கையப் புடிச்ச புடி வுடல. மரத்துப் போயி இப்பக்கூட ஸ்பூனு புடிக்க முடியல." போனை வைக்கிறதுக்கு முன்னால், "வுடுன்னு நான் சொல்லல" என்றார். பேத்தி பிறந்தபோது அவர்கள் இரண்டு பேரும் அறை வாசலில் இருந்தார்கள்.

இப்போது அந்தப் பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். மாமாவும் அக்காவும் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. மாமா ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறாராம். அக்கா நடு சீட்டில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாளாம். நான் இன்னும் ஏறியதில்லை.

இவ்வளவு காலம் தயங்கியவன் இப்போது எழுதக் காரணம், போன மாசம் கடைக்கு வந்த ஒரு ஆள். "அண்ணாத்த, புதுப்பட்டினத்துல ஒரு வூட்டுல நரசிம்மரே வந்து பிளேன் ஓட்டினாராமே? அந்த பிளேன் சந்தனம் உன் கடையிதுன்னு சொன்னாங்க. ஒரு டப்பி குடு, மச்சான் துபாய் போறான்" என்றான். "அது சாதாச் சந்தனம்பா" என்றேன். "தெரியும் அண்ணாத்த, அதையே குடு" என்றான். கொடுத்து அனுப்பிவிட்டேன், ஆனால் மனசு கேட்கவில்லை. கதை நம்மைவிட வேகமாக வளர்ந்துவிட்டது.

அதனால் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இதை நாலு பேரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். பெருமாள் விமானம் ஓட்டினார் என்று ஏற்ற வேண்டாம். எல்லாம் வெறும் மோட்டார்தான் என்று இறக்கவும் வேண்டாம். மாமா ஏரியில் விழுந்ததில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள், அவருக்கே அது பிடிக்காது. கடைசியில் அக்கா அவர் கையைப் பிடித்ததையும், மரத்துப் போனபோதும் விடச் சொல்லவில்லை என்று அவர் சொன்னதையும் மட்டும் நடுவில் யாரும் விட்டுவிடாதீர்கள்.